வெற்றிலைத் தட்டில் வைத்த இருபது காசு

பக்கத்து வீட்டுச் சீனர் சுவரில் ஆணி அடித்தால் எங்கள் வீட்டு முருகன் படம் கீழே விழும். பினாங்குப் பட்டணத்தில் வாடகைக்கு இருந்த காலம் முழுவதும் இது எங்களுக்கு வாடிக்கை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அது அவர் சுவரா என் சுவரா என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. படம் விழுந்த சத்தம் கேட்டதும் அவர் வாசலுக்கு ஓடி வந்து, இரண்டு கையையும் சேர்த்து ஆட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். மறுநாள் இரண்டு தோடம்பழம் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குப் புதினமாக இருக்கும். வேலிக் கதியால் ஒன்றை அரை அடி தள்ளி நட்டதற்காகப் பதினோரு வருடம் கோர்ட்டுக்கு நடந்த குடும்பத்திலிருந்து வந்தவன் நான். முதன்முதலில் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது, யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்றே தோன்றியது. பத்தொன்பது வருடத்தில் அதுவும் பழகிப்போயிற்று. இந்த ஊரில் பழகாதது ஒன்றுமில்லை, வெக்கையைத் தவிர.

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. நான்கு பக்கமும் எங்கள் சுவர். ஆயர் ஈத்தாம் போகிற டிராம் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். வீடு எழும்பிய நாள் முதலாக, புதிதாகக் கட்ட நினைக்கிற நம்மவர் யாராவது ஞாயிற்றுக்கிழமையில் வந்து, "அண்ணை, நீங்கள் ஆரைப் பிடிச்சுக் கட்டினனீங்கள்? எங்களுக்கும் ஒரு நல்ல ஆளைச் சொல்லுங்கோவன்" என்று கேட்காத மாதமில்லை. நான் ஒருவருக்கும் ஒழுங்கான மறுமொழி சொன்னதில்லை. சொன்னால் முழுக்கதையும் சொல்லவேண்டும். துறைமுகக் கந்தோரில் நாள் முழுக்கக் கப்பற் சரக்கின் பெயர்களை எழுதிக் கை ஓய்ந்து வருகிறவனுக்கு வாய் திறக்கவே அலுப்பு. ஆகவே ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். இனி வருகிறவர்கள் இதை வாசித்துவிட்டு, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

கதை யாழ்ப்பாணத்தில், என் மனைவி பாக்கியத்தின் சீதனக் காணியில் தொடங்குகிறது. பத்துப் பரப்புப் பனங்காணி, கல்லுக் கட்டிய கிணற்றோடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளின் சீதனம் அவளுக்குப் பிறகு கூடப் பிறந்தவர்களுக்கே திரும்பும் என்பது எங்கள் ஊர் வழமை. அவளுடைய தமையனார் ஒருமுறை கடிதத்தில், "பிள்ளை குட்டி இல்லாத உங்களுக்கு அங்கை வீடு வளவு என்னத்துக்கு? வந்து எங்களோடை ஒரு மூலையிலை இருங்கோவன்" என்று எழுதியிருந்தார். அன்பாகத்தான் எழுதினார். பாக்கியம் அதை இரண்டுதரம் வாசித்தாள். அந்த 'ஒரு மூலை' அவளுக்குச் சுட்டிருக்கவேண்டும். மூன்றாம் நாள், காணியை அவருக்கே விற்கிறேன் என்று சம்மதம் எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். அந்தப் பணத்தில்தான் இங்கே மனை வாங்கினோம். அன்றிலிருந்து அவளுக்கு ஊரில் கால் வைக்கச் சொந்த நிலமில்லை. இங்கே நிலமிருந்தும் மேலே கூரையில்லை. நான் ஒரு ஆளைப் பிடித்து வேலையைத் தொடக்கினால் போதும். அந்த ஒன்றைச் செய்ய எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

மூன்று வருடமும் சும்மா கிடந்தேன் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் குடையோடு டிராம் ஏறிப் போய் வீடு பார்த்தேன். ஒருவர் கட்டிய வீட்டில் படி உயரம். இன்னொருவர் கட்டியதில் சன்னல் சிறிது. மூன்றாமவர் நல்ல வேலைக்காரர், ஆனால் சுவரைக் கட்டிவிட்டுக் காணாமல் போய் நான்கு மாதத்துக்குப் பிறகு வருவாராம். எல்லோரிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். பாக்கியம் சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். அவளுக்கு இருந்தது ஒரேயொரு நிபந்தனை.

"கட்டுறவன் எங்கடை பாசை தெரிஞ்ச ஆளாயிருக்கவேணும். பிழை விட்டா நான் என்ரை வாயாலை ஏசவேணும். மலாயிலை எனக்கு மீன் வாங்கத் தெரியும், ஏசத் தெரியாது."

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் ஆ ஹெங் என்கிற சீனக் கொந்தராத்துக்காரர். மனையைப் பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். "ஆயேர், ஆயேர்" என்றார். மலாயில் அது தண்ணீர். பாவம், வெயிலில் வந்த மனிதர் என்று எதிர்க் கடையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் பாதியைக் குடித்தார். மீதியைத் தரையில் ஊற்றி, குந்தியிருந்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வாயிலிருந்த சுருட்டு முடியும் வரை பார்த்தார். மழைத்தண்ணீர் இந்த மனையில் எங்கே போகும் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மரியாதை தெரியாத மனிதராகவே தோன்றினார்.

மற்றவர் சோலை மேஸ்திரி, இராமநாதபுரம் பக்கத்துக்காரர். அவர் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்தார். அன்றைக்கு நல்ல மழை. தோளில் கிடந்த துண்டைப் பிழிந்து வெளியே உதறிவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார். பாக்கியம் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அடுக்களையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒரு அடுப்பைப் பற்றியே பேசினார்கள்.

"அம்மா சொல்றதுதான் சரி. அடுப்படி அக்கினி மூலையிலதான் இருக்கணும். இத ஒரு சீனன்கிட்ட சொல்லிப் பாருங்க, சிரிப்பான்" என்றார் மேஸ்திரி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, நாளக் கடத்தாதீங்க. ஆறின கஞ்சி பழங்கஞ்சிம்பாங்க" என்றார்.

"இதைத்தான் நானும் மூண்டு வருசமாச் சொல்லுறன்" என்றாள் பாக்கியம். ஊரை விட்டு வந்த பிறகு அவள் அத்தனை சந்தோசமாக வாதாடி நான் பார்க்கவில்லை.

அவர் எழுந்தபோது பாக்கியம் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிற எவருக்கும் தட்டம் நீட்டுவோம். வந்தவர் வாங்கிப் போட்டுக்கொண்டு போகலாம், அதில் ஒரு பந்தமுமில்லை. மனிதர் மழையில் தூரம் போகவேண்டுமே என்று டிராமுக்கு இருபது காசு கொடுக்க நினைத்தாள். அந்நிய ஆண்பிள்ளையின் கையில் நேரே காசு கொடுக்க அவளுக்குக் கூச்சம். வெற்றிலைக்கும் பாக்குக்கும் பக்கத்தில் அந்த வெள்ளி நாணயத்தையும் தட்டிலேயே வைத்துவிட்டாள். மேஸ்திரி தட்டைப் பார்த்தார். சற்று நகர்ந்து கிழக்கு முகமாக நின்று, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். "நல்ல நாள் பாத்துக்கிட்டு வர்றேம்மா" என்றார். இவ்வளவு மரியாதை தெரிந்த மனிதரா என்று நானும் கும்பிட்டு அனுப்பினேன்.

ஆளை அவருடைய பேச்சை வைத்தா தெரிவது? அவர் கட்டிய வீட்டை மழையில் பார்க்கவேண்டும். இதை மட்டும் உங்களுக்கு நான் அடித்துச் சொல்வேன். வெயிலில் எந்த வீடும் நல்ல வீடுதான். கந்தோரில் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு, வானம் இருட்டிக்கொண்டு வந்த காலையில் புறப்பட்டேன். மேஸ்திரி கட்டிய வீடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்புறம், ஒரு துணிக்கடைக்காரருடையது. "வாங்க தம்பி, பாத்து வாங்க, சட்டியைத் தட்டிராதீங்க" என்றுதான் கடைக்காரர் என்னை வரவேற்றார். கூடத்தில் ஏழு பாத்திரம். ஒவ்வொன்றிலும் ஒரு சுதியில் தண்ணீர் சொட்டியது.

"மேஸ்திரி எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டேன்.

"தங்கமான மனுசன். கூப்பிட்டா உடனே வந்துருவாரு. ஒவ்வொரு மழைக்கும் வருவாருல்ல!"

சுவரைத் தடவிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. குறை கூரையில்தான். மேஸ்திரியின் சீமையில் மழை பெய்வதே திருவிழா மாதிரி, வருடத்துக்கு ஒருமுறை. அந்த மழைக்குப் போதுமான சாய்வைத்தான் பினாங்குக் கூரைக்கும் கொடுத்திருந்தார். அதில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஊரை விட்டு வந்தும் ஊரின் கணக்கிலேயே கூரை போடுகிற ஆளை நான் எப்படிக் கோபிப்பேன்?

ஆ ஹெங் கட்டிய வீட்டில் வேறு கூத்து. கதவைத் திறந்த சீன அம்மாள் என் கோட்டையும் குடையையும் கண்டதும் முகம் வெளுத்துப்போனாள். முனிசிபல் கந்தோரிலிருந்து சாக்கடை பார்க்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். வீடு பார்க்க வந்தேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அது அவள் பயத்தை உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு சாக்கடையாகக் கூட்டிக்கொண்டுபோய், மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். கொட்டுகிற மழையில், அந்த வீட்டுச் சாக்கடைகள் அத்தனையையும் மரியாதையாகப் பார்த்து முடித்தேன். நடுவில் திறந்த முற்றம் வைத்த வீடு. வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் முழுவதும் அந்த முற்றத்தில் இறங்கிச் சத்தமில்லாமல் வெளியே போயிற்று. கூடத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரை ஊற்றிவிட்டு அந்த மனிதர் எதைப் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. புறப்படும்போது அம்மாள் பெருமூச்சு விட்டு எனக்கு ஒரு பணியாரமும் தந்தாள்.

ஆ ஹெங்கைப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். பாக்கியத்திடம் சொல்லாமல், அடுத்த ஞாயிறு காலை அவரை மனைக்கு வரச்சொன்னேன். நானும் ஆ ஹெங்கும் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு இழுத்திருந்தது. வடகிழக்கில் மஞ்சளில் பிடித்த பிள்ளையார், முன்னால் தேங்காய். சோலை மேஸ்திரி குளித்து நீறு பூசி நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கய்யா, இப்பத்தான் உங்கள அழைக்க ஆளனுப்ப இருந்தேன், நல்ல நேரத்துக்கு வந்துட்டீங்க. அம்மா வரலையா?"

"மேஸ்திரியார், நான் உங்களை இன்னும் முடிவாக்கேல்லையே?" என்று ஒருவாறு சொன்னேன்.

"என்னங்கய்யா இப்படிச் சொல்றீங்க? வெத்தலை, பாக்கு, மேல வெள்ளிக்காசு. அம்மா கையால, வீட்டு விளக்குக்கு முன்னால வாங்கியிருக்கேன். எங்க பக்கத்துல அதுக்கு மேல ஒரு அச்சாரம் உண்டா? சுங்கை பட்டாணியில செட்டியார் கிட்டங்கி கட்டுற வேலை வந்துச்சு, இங்க அச்சாரம் வாங்கிட்டேன்னு வேணாம்னுட்டேன்."

"அது டிராமுக்குத் தந்த காசு, மேஸ்திரியார்."

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்கமுடியவில்லை. கூட வந்த ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரே மொழி பேசுகிற இரண்டு பேர், ஒரு தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்திருக்கிறோம். வெட்கத்தில் எனக்கு வியர்த்தது. ஆ ஹெங்குக்கு நாங்கள் பேசிய ஒரு சொல்லும் தெரியாது. அவர் கயிற்றைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். "ஹரி இனி தா பாய்க்" என்றார். இன்றைக்கு நாள் நல்லதில்லை என்று அர்த்தம். அவருடைய பஞ்சாங்கத்தில் உண்மையிலேயே நல்லதில்லையோ, எங்களுக்காகச் சொன்னாரோ, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வெத்திலை குடுத்தது நான். கை நீட்டி வாங்கினது அந்தாள். இனி நான் என்னெண்டு இல்லையெண்டுறது?"

"அந்தாளின்ரை கூரை ஒழுகுது, பாக்கியம். நான் கண்ணாலை பாத்திட்டு வந்தனான்."

"ஒழுகட்டும். நீங்கள் மூண்டு வருசமாக் கூரை பாக்கிறியள். எந்தக் கூரை உங்களுக்குப் பிடிச்சது? படி உயரம், சன்னல் சின்னன், சுவர் சரிவு. குறை கொத்தன்மாரிலை இல்லை. உங்களுக்கு இஞ்சை வீடு கட்ட மனமில்லை. ஆத்திலை ஒரு கால், சேத்திலை ஒரு கால் எண்டு நிக்கிறியள். நீங்கள் நில்லுங்கோ. நான் எங்கை நிக்கிறது? இருந்த காணியையும் வித்துப்போட்டன். இப்ப ஒரு பொதுச்சுவரிலை சாஞ்சுகொண்டு நிக்கிறன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 'ஊருக்குத் திரும்புவோம்' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பத்தொன்பது வருடம் இந்த வெக்கையில் நான் மூச்சு விட்டேன். ஒரு கொத்தனைப் பிடித்து அத்திவாரம் வெட்டச் சொன்னால் அந்த வார்த்தையை அதற்குள் போட்டு மூடவேண்டும். அதற்குப் பயந்துதான் ஒவ்வொரு ஞாயிறும் டிராம் ஏறினேன். என் பயத்துக்கு அவள் தன்னுடைய நிலத்தைக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் காத்திருந்தாள். அன்றைக்குப் பகல் நான் சாப்பிடவில்லை.

பின்னேரம் போய் மேஸ்திரியை நானே கூட்டிவந்தேன். பாக்கியம்தான் பேசினாள். "மேஸ்திரியார், வெத்திலை வெத்திலைதான். சுவர் முழுக்க உங்கடை. கூரை அந்தச் சீனன்ரை. உங்கடை கூரையின்ரை சீர் பள்ளிவாசல் வரைக்கும் தெரியும். இதுக்கு மேலை கதைச்சா ஏசுவன்."

மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "ஏசுங்கம்மா. ஏச ஆளில்லாமத்தான் இந்த ஊர்ல இருக்கேன்" என்றார்.

ஆ ஹெங்கிடம் போய்ச் சொன்னேன். அவர் விரலால் காற்றில் ஒரு சுவரும் அதன் மேலே ஒரு முகடும் வரைந்து, "டிண்டிங் டியா, ஆதாப் சாயா" என்றார். சுவர் அவருக்கு, கூரை எனக்கு. அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை.

வேலை ஏழு மாதம் நடந்தது. மேஸ்திரி என் காலடியை அளந்து ஒரு கோல் வெட்டி வைத்திருந்தார். ஆ ஹெங்கிடம் நல்ல அளவுக்குச் சிவப்பும் கெட்ட அளவுக்குக் கறுப்புமாகக் குறி போட்ட ஒரு கோல். இவருக்கு நல்ல அளவு அவருக்குக் கெட்ட அளவு. வாசல் நிலைக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை. இருவருக்கும் பொதுவாக ஒரு பாசையில்லை, ஆனால் சண்டைக்குக் குறைவில்லை. கடைசியில் ஒரு விரற்கடை செதுக்கியதும் இரண்டு கோலும் ஒத்துவந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

நிலை வைக்கிற அன்று காலை, அடியில் போடக் காசு கேட்டார்கள். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். "இருங்கய்யா" என்றார் மேஸ்திரி. வேட்டி மடிப்பை அவிழ்த்து ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்தார். அதே இருபது காசு.

"டிராம் காசுன்னீங்களே ஐயா. நான் அன்னிக்கு மழையில நடந்துதான் போனேன்."

அதை அவர் பாக்கியத்தின் கையில் கொடுத்தார். இம்முறை அவள் தட்டு எடுத்துவரவில்லை. கைநீட்டி வாங்கி, குழிக்குள் போட்டாள். மேலே நிலை இறங்கியது.

இந்த வீடு ஒழுகுவதில்லை. எந்த மழைக்கும் ஒழுகவில்லை. சோலை மேஸ்திரி போன வருடம் ஊருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஆ ஹெங் சீனப் பெருநாளுக்கு வந்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போவார். தமையனார் தை பிறந்தால் கடிதம் போடுவார். 'எப்ப வீட்டை வாறியள்?' என்று முடித்திருப்பார். நான் 'வருகிற வருடம்' என்று மறுமொழி எழுதி ஒட்டுவேன். எழுதும்போது பாக்கியம் பக்கத்தில் நிற்பாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் புறப்படுவேன். வாசல் நிலைக்கு அடியில் கிடக்கிற அந்த இருபது காசைத் தாண்டித்தான் போகவேண்டும்.